குளிர்ந்த நீரும் உடல் வெப்பமும்

1978-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள். கனடாவின் ஒண்டாரியோ, கியூபெக் மாநிலங்களின் எல்லையிலுள்ள டிமிஸ்காமிங் ஏரியில், ஒரு பள்ளியின் மாணவர்கள் 27 பேரும் பொறுப்பாளர்கள் 4 பேரும் நான்கு 'கனூ'க்களில் புறப்பட்டனர். கனூ என்பது துடுப்பால் செலுத்தும், நீண்டு ஒடுங்கிய இலேசான படகு. காட்டு நீர்வழிகளில் வடக்கே ஜேம்ஸ் விரிகுடா வரை செல்வது அவர்கள் நோக்கம். முதல் நாளே ஒரு படகு கவிழ்ந்தது. முடிவில் நான்கும் கவிழ்ந்தன. 12 மாணவர்களும் ஒரு பொறுப்பாளரும் உயிரிழந்தனர்.

அவர்கள் மிதவைச் சட்டை அணிந்திருந்தனர். அப்படியானால் அவர்கள் உயிரைப் பறித்தது எது? குளிர்ந்த நீர் கவர்ந்துகொண்ட உடல் வெப்பமே.

ஜூனில் ஏன் குளிர்?

ஜூன் அங்குக் கோடையின் தொடக்கம். ஆயினும் நீர் சில்லென்றிருக்கும். நீரின் அடர்த்தி 4° செ. வெப்பநிலையில் மிகுதி என்று படித்திருக்கிறீர்கள். பனி உருகியபின், மேலே 4° வரை வெப்பமுற்ற நீர் கீழிறங்க, அடிநீர் மேலேறும். ஏரி முழுதும் 4° அடைந்த பின்னரே மேற்பரப்பு அதற்குமேல் வெப்பமடையும். 200 மீட்டருக்கும் மேல் ஆழமுள்ள ஏரிக்கு இதற்கு நெடுநாள் ஆகும். பலத்த காற்றும் அடியிலுள்ள குளிர்நீரை மேலே கலக்கும்.

நீர் செய்யும் கொள்ளை

காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஒரு லிட்டர் நீரை 1° சூடாக்க, ஒரு லிட்டர் காற்றுக்குத் தேவையானதைப்போல் ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பம் வேண்டும். ஆகவே நீர் வெப்பத்தை விரைவாக வாங்கும். வாங்கியும் எளிதில் சூடாகாது.

ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். உடலின் தன்வெப்பம் கிலோவுக்கு 3.5 கிலோஜூல் எனலாம். 50 கிலோ எடையுள்ள மாணவன் 37°-யிலிருந்து 35°-க்குக் குளிர, 50 × 3.5 × 2 = 350 கிலோஜூல் இழக்க வேண்டும். உடல் உண்டாக்கும் வெப்பத்தைவிட வினாடிக்கு 150 ஜூல் கூடுதலாக நீர் கவர்ந்தால், இதற்குச் சுமார் 39 நிமிடங்களே ஆகும். 35°-க்குக் கீழே சென்றால் ஆபத்து தொடங்குகிறது. நடுக்கம், குழப்பம், பின்னர் மயக்கம். அதற்கு முன்பே கைவிரல்கள் விறைத்துவிடுவதால், நீச்சல் வல்லவனும் செயலிழப்பான்.

தப்பும் வழி

நீந்துவது உடலைச் சூடாக்கும் என்று எண்ணலாம். ஆனால் அசையும்போது, தோலையொட்டிச் சிறிது சூடேறிய நீர்ப்படலம் கலைந்து, புதிய குளிர்நீர் வந்து சேர்கிறது. கரை மிக அருகில் இல்லையெனில், கவிழ்ந்த படகைப் பற்றி, இயன்ற அளவு உடலை நீருக்குமேல் ஏற்றிக்கொள்வதே நன்று. அது இயலாதபோது, மிதவைச் சட்டையுடன் முழங்கால்களை மார்போடு சேர்த்து அசையாமல் மிதக்க வேண்டும். நண்பர்கள் ஒருவரையொருவர் அணைத்துக்கொள்ளலாம். வெப்பம் வெளியேறும் பரப்பு இதனால் குறைகிறது.

எனினும் முன்னெச்சரிக்கையே முதல் காப்பு. காற்றின் வெப்பநிலையைப் பாராமல் நீரின் வெப்பநிலைக்கேற்ப உடுத்த வேண்டும். கரையோரமாகவே செல்ல வேண்டும். காற்று வலுத்தால் பயணத்தை நிறுத்த வேண்டும். மிதவைச் சட்டை மூழ்காமல் காக்கும், குளிரிலிருந்து காக்காது.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள இரு தம்ளர்களில் சம அளவு வெந்நீர் எடுங்கள். ஒன்றை மேசைமேல் வையுங்கள்; மற்றொன்றை அறை வெப்பநிலையிலுள்ள நீர் நிறைந்த அகன்ற பாத்திரத்தில் வையுங்கள். ஐந்து நிமிடத்திற்கொருமுறை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் வரையுங்கள். சுற்றுப்புற வெப்பநிலை இரண்டுக்கும் ஒன்றே. பின் ஏன் ஒன்று விரைவில் ஆறுகிறது? பாத்திரத்து நீரைக் கலக்கிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்?