விளைந்ததை எங்கே விற்பது? சிறு உழவருக்கு ஒரு வழிகாட்டி

ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருப்பவர், எங்கே விற்பது என்று அறுவடைக்குப் பிறகு யோசிப்பதில் பயனில்லை. விதைக்கும் உரத்துக்கும் எந்தக் கமிஷன் கடையில் முன்பணம் வாங்கினாரோ, அந்தக் கடைக்குத்தான் சரக்கு போகும். விலையையும் அவர்களே சொல்வார்கள். எனவே சந்தையை மாற்ற நினைப்பவர் முதலில் கடன் வாங்கும் இடத்தை மாற்ற வேண்டும். தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனை உரிய தேதிக்குள் கட்டிவிட்டால் வட்டி கிடையாது. இயற்கை வேளாண்மையின் முதல் லாபமும் இப்படிக் கடன் குறைவதில்தான் கிடைக்கிறது. ஜீவாமிர்தமும் பஞ்சகவ்யமும் வீட்டிலேயே தயாரானால் உரக்கடைப் பாக்கி குறையும். கூடுதல் விலையைப் பற்றி அதன்பிறகு பேசலாம்.

அடுத்த கேள்வி, சரக்கு எத்தனை நாள் தாங்கும்?

கீரை, வெண்டை, கத்தரி என்றால் உழவர் சந்தை நல்லது. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தொடங்கிய திட்டம் இது. வாடகை இல்லை, கமிஷன் இல்லை, தராசும் அங்கேயே தருகிறார்கள். உழவர் அடையாள அட்டை மட்டும் வேண்டும். ஆனால் விடியுமுன்னே ஒருவர் போய்ச் சரக்கு தீரும்வரை உட்கார வேண்டும். வீட்டில் அதற்கு ஆள் இருந்தால் மட்டும் இறங்குங்கள். ஒரே நாளில் பத்துப் பெட்டி தக்காளி பறிப்பவருக்கு மண்டியைத் தவிர வழியில்லை. அங்கே எடை போடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், சிட்டை வாங்காமல் திரும்பாதீர்கள்.

நிலக்கடலை, எள், மஞ்சள், சிறுதானியம் வைத்திருப்பவருக்கு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தையே நான் முதலில் சொல்வேன். பலர் அதை எட்டிப் பார்ப்பதே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். குவியலிலிருந்து கைப்பிடிக் கடலையை அள்ளி, உடைத்து, பருப்பின் திரட்சியைப் பார்த்துவிட்டு வியாபாரிகள் மறைமுக ஏலத்தில் விலை கேட்பார்கள். ஒருவர் கேட்ட விலை அடுத்தவருக்குத் தெரியாது. விலை கட்டுப்படியாகவில்லை என்றால் விற்க மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. சந்தைக் கட்டணத்தை வாங்குபவர்தான் கட்ட வேண்டும். அவசரத்துக்குப் பணம் தேவையா? சரக்கைக் கிடங்கில் வைத்து, அதன் மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் வாங்கலாம். அறுவடை நேரத்து மலிவு விலைக்குத் தள்ளிவிடாமல் காத்திருக்கச் சிறு உழவருக்கு இதைவிட நல்ல வசதி எனக்குத் தெரிந்து இல்லை. ஒன்று மட்டும்: சரக்கை நன்றாகக் காயவைத்துக் கொண்டுபோங்கள். ஈரம் இருந்தால் விலை விழும்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் சேரலாமா? சட்டப்படி பத்து உழவர்கள் சேர்ந்தாலே தொடங்கலாம். பங்கு எவ்வளவு இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்குதான். நிறுவனத்துக்கு நிறுவனம் தரம் வேறுபடுகிறது. சரக்கு கொடுத்த எத்தனையாம் நாளில் பணம் வரும், போன ஆண்டு பொதுக்குழுவில் கணக்கு வாசித்தார்களா என்று பழைய உறுப்பினரிடம் கேளுங்கள். உரமும் மருந்தும் மட்டும் விற்றுக்கொண்டு, விளைச்சலை வாங்காத நிறுவனம் என்றால் பங்குப் பணம் போடாதீர்கள்.

இயற்கை முறையில் விளைந்ததற்குத் தனி விலை வேண்டும் என்றால், மண்டியிலும் ஏலத்திலும் அதை எதிர்பார்க்க வேண்டாம். எல்லாச் சரக்கும் ஒன்றாகக் கலந்துவிடும். தெரிந்த வாடிக்கையாளருக்கு நேரே கொடுக்கும்போதுதான் அந்த விலை கிடைக்கும். வெளியூர்க் கடைகள் சான்று கேட்டால், குறைந்தது ஐந்து உழவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் சரிபார்க்கும் பங்கேற்பு உத்தரவாத முறை சிறு உழவரின் கைக்கு அடக்கமானது. ஏற்றுமதி செய்வதாக இருந்தால்தான் செலவு கூடிய மூன்றாம் தரப்புச் சான்று தேவை.

எதைத் தேர்ந்தாலும், வரும் பட்டத்தில் விளைச்சலின் கால் பங்கை மட்டும் புது இடத்துக்குக் கொண்டுபோங்கள். விலை, கூலி, வண்டி வாடகை, பணம் கைக்கு வந்த தேதி நான்கையும் இரண்டு இடத்துக்கும் நோட்டில் எழுதுங்கள். அந்தக் கணக்கை வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.