பூஜைக்கால விருந்து: ‘அது ஆகாது, இது வேண்டாம்’ என்பவர்களுக்கும் சேர்த்து 14 குறிப்புகள்

கல்கத்தாவின் கிடர்பூரில் ஒரு தமிழ் வீட்டு விருந்து என்றால் பந்தியில் தமிழர்கள் மட்டும் உட்கார்வதில்லை. மேல்மாடி வங்காளிக் குடும்பம், துறைமுக வேலையில் பழக்கமான தெலுங்குக்காரர், பக்கத்துத் தெரு உருது பேசும் குடும்பம், ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தை என்று எல்லோரும் வருவார்கள். ஒருவருக்கு வெங்காயம் ஆகாது. இன்னொருவருக்குப் புளிப்பு இறங்காது. பிள்ளைகளுக்கோ எதுவுமே பிடிக்காது. ஆளுக்கொரு சமையல் என்று இறங்கினால் அன்று முழுக்க அடுப்படிதான் கதி. பொதுவாகச் சமைத்து, கடைசிக் கட்டத்தில் பிரிப்பதே நல்ல வழி. துர்கா பூஜையை ஒட்டி விருந்து வைப்பவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

1. நாள் பார்த்துக் கூப்பிடுங்கள். நவமி நமக்கு சரஸ்வதி பூஜை, ஆயுத பூஜை. பல தமிழ் வீடுகளில் அன்று அசைவம் கிடையாது. வங்காளி வீடுகளில் அதே நவமிதான் ஆட்டுக்கறி நாள். காலையிலேயே கறிக்கடையில் வரிசை நிற்கும். அஷ்டமியன்று அஞ்சலி முடித்துவிட்டு, சோறு தொடாமல் லூச்சி (மைதாப் பூரி) மட்டும் சாப்பிடுவோர் உண்டு. தசமிக்கு மறுநாள் ஏகாதசி. பெரியவர்கள் சிலர் விரதம் இருப்பார்கள். அடுத்து வரும் பௌர்ணமியில் கோஜாகரி லட்சுமி பூஜை. நடுவில் உள்ள துவாதசியும் திரயோதசியும்தான் தோதான நாட்கள். பிஜோயா (விஜயதசமி) வாழ்த்துச் சொல்ல வீடு வீடாகப் போகும் காலமும் அதுவே. அந்த நாள் புரட்டாசிக்குள் விழுந்தால் நம் ஆட்களில் பலர் சைவமாக இருப்பார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

2. ‘என்ன பிடிக்கும்?’ என்று கேட்காதீர்கள். எல்லோரும் ‘எதுவானாலும் சரி’ என்றுதான் சொல்வார்கள். ‘எதைச் சாப்பிட மாட்டீர்கள்?’ என்று கேளுங்கள். பதிலை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: விரதம் அல்லது மத வழக்கம், உடம்புக்கு ஆகாதது, வெறுமனே பிடிக்காதது. முதல் இரண்டிலும் விட்டுக்கொடுக்க இடமில்லை. மூன்றாவதைச் சமாளித்துக்கொள்ளலாம்.

3. ஒவ்வாமையைத் தனியாக விசாரியுங்கள். இறால், முந்திரி, வேர்க்கடலை எல்லோருக்கும் நினைவுக்கு வரும், கடுகு வராது. நம் தாளிப்பிலும் கடுகு, வங்காளிகளின் எண்ணெயிலும் கடுகு. கடுகு ஒத்துக்கொள்ளாதவர் வந்தால் அவருக்கானதைத் தாளிக்கும் முன்பே எடுத்து மூடி வைத்து, அதற்குத் தனிக் கரண்டி போடுங்கள்.

4. எல்லோருடைய சைவமும் ஒன்றல்ல. வங்காளிகளின் நிராமிஷ் சமையலில் வெங்காயம், பூண்டு மட்டுமல்ல, மசூர் பருப்பும் சேராது. அதே சமயம், வெங்காயமும் பூண்டும் இல்லாமல் சமைத்த கறியையே ‘நிராமிஷ் மாங்ஷோ’ என்று சொல்வார்கள். ஆகவே நிராமிஷ் என்ற சொல்லைக் கேட்டதும் முடிவுகட்டாமல் விவரம் கேளுங்கள். ஜைன நண்பர் வந்தால் உருளைக்கிழங்கும் ஆகாது. அவருக்கு வாழைக்காய் வறுவல் செய்யலாம்.

5. பொது அயிட்டங்களை முதலில் முடிவு செய்யுங்கள். சோறு, லூச்சி, கடலைப்பருப்பு, கத்தரிக்காய் வறுவல், உருளைக்கிழங்கு, சாம்பார், தயிர், அப்பளம், பாயசம். தேங்காய்த் துண்டு போட்ட வங்காளிகளின் சோலார் தாலும் நம் கடலைப்பருப்புக் கூட்டும் நெருங்கிய உறவு. இரு தரப்பும் தயங்காமல் எடுக்கும். இவை எல்லாவற்றையும் வெங்காயம், பூண்டு இல்லாமலே ருசியாகச் செய்யலாம்.

6. 12 பேருக்கு ஒரு கணக்கு: அரிசி முக்கால் கிலோ, லூச்சிக்கு மைதா 1 கிலோ (ஏறக்குறைய 50 வரும்), கடலைப்பருப்பு 300 கிராம், சாம்பாருக்குத் துவரம்பருப்பு 250 கிராம், உருளைக்கிழங்கு ஒன்றரை கிலோ, கத்தரிக்காய் 1 கிலோ, தயிர் 1 லிட்டர். பாயசத்துக்குப் பால் 2 லிட்டர், கோபிந்தபோக் அரிசி 150 கிராம். கறி உண்டு என்றால், சாப்பிடும் ஆளுக்கு 200 கிராம் வீதம் வாங்குங்கள்.

7. காரத்தையும் புளிப்பையும் பாத்திரத்தில் ஏற்றாதீர்கள். பச்சை மிளகாயை அரைக்காமல் கீறிப் போடுங்கள், வேண்டாதவர் ஒதுக்கிவிடலாம். சாம்பாரில் புளியைக் குறைத்து, எலுமிச்சைத் துண்டைத் தட்டில் வையுங்கள். மிளகாய்ப் பொடி, ஆவக்காய், மோர் மிளகாய், வங்காளிகளின் கடுகு விழுதான காசுந்தி நான்கையும் சின்னக் கிண்ணங்களில் நடுவில் வைத்தால், அவரவர் நாக்குக்கு அவரவரே ஏற்றிக்கொள்வார்கள்.

8. எண்ணெயில் சண்டை வரும், முந்திக்கொள்ளுங்கள். கடுகெண்ணெய் வாடை நம் ஊர்க்காரர்கள் பலருக்கு ஆகாது. தேங்காய் எண்ணெய்ச் சமையல் வங்காளிகள் பலருக்கு ஒத்துவராது. பொதுப் பண்டங்களுக்குச் சூரியகாந்தி எண்ணெய் போதும். கத்தரிக்காயை மட்டும் கடுகெண்ணெயில் வறுப்பதானால், எண்ணெயைப் புகை வரும்வரை காயவிட்டு, தீயைக் குறைத்தபின் காயைப் போடுங்கள், காரநெடி அடங்கும்.

9. உருளைக்கிழங்கை மறக்காதீர்கள். லக்னோ நவாப் வாஜித் அலி ஷா 1856-ல் கல்கத்தா வந்து, கிடர்பூருக்கு அடுத்த மெட்டியாபுரூஸில்தான் தங்கினார். அவர் வீட்டுச் சமையலிலிருந்து கிளைத்ததாகச் சொல்லப்படும் கல்கத்தா பிரியாணியில் கறியைவிட உருளைக்கிழங்குக்குத்தான் அடிதடி. பிள்ளைகளும் பல் இல்லாத பெரியவர்களும் ஒருசேர விரும்புவது அதுவே. மொத்தத்தையும் வேகவைத்துப் பாதியை உப்பும் நெய்யும் மட்டும் போட்டுப் பிரட்டுங்கள். மீதியை ஆலூர் தம் ஆக்குங்கள்.

10. அசைவம் ஒன்றே ஒன்று போதும். இஸ்லாமிய நண்பர்கள் வந்தால் கறி ஹலால் கடையில் வாங்கியதாக இருக்கட்டும்; அதை அவர்களிடம் சொல்லியும்விடுங்கள். வீட்டில் புழங்க முடியாவிட்டால் பிரியாணி வெளியில் சொல்லி வாங்கி, தனி மேஜை, தனிக் கரண்டி வையுங்கள். வீட்டில் அசைவமே கிடையாது என்றால் அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். கடலைப்பருப்பை அரைத்துத் துண்டுபோட்டுக் குழம்பில் விடும் தோகார் தால்னா செய்தால், கறி இல்லாத குறை தெரியாது.

11. இலையா, வரிசையா? வங்காளிப் பந்தியில் பருப்பு, பொரியல், மீன், கறி, கடைசியில் இனிப்புச் சட்னியும் அப்பளமும் என்று ஒவ்வொன்றாக வரும். நம் வாழை இலையில் எல்லாம் ஒரே நேரத்தில் ஒதுங்கி நிற்கும். ‘இது வேண்டாம்’ என்பவர்கள் நிறைந்த கூட்டத்துக்கு இலையே மேல். எது என்னவென்று கண்ணால் பார்க்கலாம், ஒன்றோடொன்று கலக்காது, தொடாததை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

12. பிள்ளைகளை வற்புறுத்தாதீர்கள். அவர்கள் வழக்கமாகச் சாப்பிடும் ஒன்று, தயிர்ச்சாதமோ லூச்சியோ, இலையில் இருக்கட்டும். புதிதாக ஒன்றை ஒரு கரண்டி அளவு பக்கத்தில் வைத்து விட்டுவிடுங்கள். ஏழரை மணிக்கே அவர்களுக்குப் போட்டுவிட்டால் பெரியவர்கள் நிம்மதியாக உட்காரலாம். ‘இவன் ஒன்றுமே சாப்பிட மாட்டான்’ என்று பிள்ளையின் காதுபட யாரும் பேச வேண்டாம்.

13. வாங்குவதை முன்கூட்டியே முடியுங்கள். காய்கறி, மளிகையைப் பக்கத்துக் கடைகளிலேயே வாங்கிக்கொள்ளலாம். வாழை இலை, கறிவேப்பிலை, காப்பிப் பொடிக்கு லேக் மார்க்கெட் போவது நல்லது. பூஜை நாட்களில் 25 பொல்லி போன்ற பந்தல்களின் பக்கம் தெருவே நகராது. ஆகவே மளிகைச் சாமான்களைச் சஷ்டிக்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். நோலேன் குட் என்ற புது வெல்லத்தை இப்போது தேடாதீர்கள், அது குளிர்காலச் சரக்கு. முந்தின இரவே புளி கரைத்து, தேங்காய் துருவி, பாயசம் காய்ச்சிக் குளிர்பெட்டியில் வைத்தால், மறுநாள் லூச்சி பொரிப்பது மட்டுமே கடைசி நேர வேலை.

14. மீந்ததைச் சீக்கிரம் கவனியுங்கள். ஐப்பசி பிறந்தாலும் கல்கத்தாவில் புழுக்கம் குறையாது. சமைத்த சோற்றை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் விடாமல், அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்துக் குளிர்பெட்டிக்குள் வையுங்கள். விருந்தாளிக்குக் கட்டிக் கொடுப்பதாக இருந்தால் வறுவல், அப்பளம், இனிப்பு போன்றவற்றைக் கொடுங்கள். சாம்பாரும் தயிரும் வழியிலேயே கெட்டுவிடும்.

சமையலைத் தொடங்குமுன் பட்டியலை ஒரு முறை சரிபாருங்கள். வரும் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே வயிறு நிறைய ஒன்று, தொட்டுக்கொள்ள ஒன்று, கொறிக்க ஒன்று என மூன்று பண்டங்களாவது இருக்க வேண்டும். யார் பெயருக்காவது இரண்டுதான் தேறுகிறது என்றால், ஒன்றைக் கூட்டுங்கள். எல்லோருக்கும் மூன்று இருந்தால் அதற்கு மேல் எதுவும் சேர்க்க வேண்டாம்; நீங்களும் பந்தியில் ஒரு இடம் பிடித்து உட்காருங்கள்.