காற்றை இறக்கத் துணியுங்கள்: வாகனத்தில் கொம்பிரசர் பூட்டப் போகும் இளையோருக்கு 11 அறிவுரைகள்



வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஜீப், டபிள் கெப், ஜிம்னி வைத்திருக்கும் நீங்கள் லீவு கிடைத்தால் வில்பத்து, கற்பிட்டி, மீமுரே என்று புறப்பட்டு விடுகிறீர்கள். வாகனத்திலேயே காற்றடிக்கும் கொம்பிரசர் ஒன்றைப் பூட்டிவிட வேண்டும் என்ற ஆசையும் உங்களுக்கு இருக்கிறது. எந்த மார்க் நல்லது என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறீர்கள். மார்க்கைவிடப் பூட்டும் முறைதான் முக்கியம். விலை கூடிய கொம்பிரசரும் மெல்லிய வயரில் கெட்டுப்போகும். நடுத்தரமானதை ஒழுங்காகப் பூட்டினால் பல வருடம் உழைக்கும். நான் அறிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் காற்றை இறக்கப் பழகுங்கள்.
மணலில் புதைகிறவர்கள் பெரும்பாலும் ரயரின் காற்றை இறக்காமல் போனவர்கள். இறக்கினால் திரும்ப எங்கே அடிப்பது என்ற பயம்தான் காரணம். அந்தப் பயத்தைப் போக்குவதற்குத்தான் கொம்பிரசர். ரோட்டில் 30, 32 பி.எஸ்.ஐ. வைத்து ஓடும் வாகனத்தை மணலில் 18 முதல் 20 வரை இறக்கலாம். அப்போது ரயர் நிலத்தில் பதியும் பகுதி நீளும், பாரம் பரவும், சில்லு மணலைத் தோண்டாது. புதியவர்கள் 15க்குக் கீழே போக வேண்டாம். வெட்டித் திருப்பும்போது ரயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடக்கூடும். ஆகவே கொம்பிரசருக்கு முன்னே நல்லதொரு அழுத்தமானி வாங்குங்கள்.

2. எவ்வளவு காற்று வேண்டும் என்று கணக்குப் பாருங்கள்.
நடுத்தர ஜீப் ரயர் ஒன்றின் கொள்ளளவு ஏறத்தாழ 60 லீற்றர். அதை 18இலிருந்து 32க்கு ஏற்ற, கிட்டத்தட்ட இன்னொரு 60 லீற்றர் வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். நான்கு ரயருக்கும் 240 லீற்றர். நிமிடத்துக்கு 30 லீற்றர் தள்ளும் கொம்பிரசர் என்றால் 8 நிமிடம். அழுத்தம் ஏற ஏறத் தள்ளும் அளவு குறைவதால் இன்னும் கொஞ்சம் கூடும். பெட்டியில் போட்டிருக்கும் அளவு எதிரழுத்தம் இல்லாத நிலையில் எடுத்தது என்பதை மனதில் வையுங்கள்.

சிறிய காற்றுத் தாங்கி பூட்டினால் வேகம் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். 4 லீற்றர் தாங்கி ஒன்றை 150 பி.எஸ்.ஐ.க்கு நிரப்பினாலும், ரயருக்குப் பயன்படுவது சுமார் 32 லீற்றர்தான். ஒரு ரயருக்கே அரைவாசி! ரயருக்காக மட்டும் என்றால் தாங்கி வேண்டாம். அந்தக் காசை வயருக்கும் குழாய்க்கும் செலவழியுங்கள்.

3. உங்கள் வாகனம் 12 வோல்ற்றா, 24 வோல்ற்றா என்று உறுதி செய்யுங்கள்.
2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய ஜீப்புகளைத் திருத்தித் திருத்தி வைத்துக்கொண்டவர்கள் நம்மிடையே நிறையப் பேர். பழைய யப்பானிய டீசல் வாகனங்கள் சிலவற்றில் 24 வோல்ற் அமைப்பு இருக்கும். பொனற்றுக்குள் இரண்டு பற்றரி கண்டால் உடனே முடிவுக்கு வராதீர்கள். மல்டிமீற்றரை வைத்து அளந்து பாருங்கள். 12 வோல்ற் மோட்டரை 24இல் கொடுத்தால் விரைவில் கருகிவிடும்.

4. இடத்தைத் தெரிவு செய்ய ஒரு நாள் செலவழியுங்கள்.
கொம்பிரசருக்கு வெப்பம், நீர், தூசி மூன்றும் ஆகாது. பொனற்றுக்குள் பூட்டுவதானால் எக்ஸோஸ்ட், டர்போ இரண்டுக்கும் எட்ட, உயரமாக, இரும்புத் தகடு ஒன்றின் மேல் அதிர்வு தாங்கும் றப்பர் வைத்துப் பூட்டுங்கள். அங்கே இடமில்லாவிட்டால் ஆசனத்தின் கீழோ பின்பக்கப் பெட்டியிலோ பூட்டலாம். சத்தம் கூடினாலும் மோட்டர் குளிர்ச்சியாக இருக்கும்.

எலுவன்குளத்தில் கலா ஓயாவைக் கடக்கும் சப்பாத்துப் பாலத்தின் மேல் மழைக்காலத்தில் நீர் புரளும். அப்படிப்பட்ட இடங்களை மனதில் வைத்துக் காற்று உள்ளிழுக்கும் வாயின் உயரத்தைத் தீர்மானியுங்கள். கொம்பிரசர் எங்கிருந்தாலும், உள்ளிழுக்கும் வடியை ஒரு குழாய் மூலம் உயரத்துக்குக் கொண்டுபோகலாம்.

5. வயரில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.
ஒற்றை மோட்டர் கொம்பிரசர்கள் பல 20 முதல் 30 அம்பியர் வரை இழுக்கும். சிகரெட் லைற்றர் செருகியின் பியூஸ் பெரும்பாலும் 10, 15 அம்பியர்தான். அதிலிருந்து எடுக்கவே கூடாது. பற்றரியிலிருந்து போகவும் வரவும் 6 மீற்றர் செம்பு வயர், ஓடுவது 30 அம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் சுமார் 1.26 வோல்ற் வழியிலேயே போய்விடும். 6 சதுர மில்லிமீற்றரில் இழப்பு அரை வோல்ற்தான். இழந்த ஒவ்வொரு வோல்ற்றும் வயரில் சூடாகிறது, மோட்டரும் மெதுவாகிறது.

6. பியூஸ் பற்றரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.
பியூஸ் காப்பது வயரை. பற்றரிக்கும் பியூஸுக்கும் இடையிலுள்ள வயர் இரும்பில் உரசித் தோல் கிழிந்தால், அதைத் தடுக்க ஒன்றுமில்லை, வாகனமே தீப்பிடிக்கும். ஆகவே பற்றரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸைப் பூட்டுங்கள். தகட்டில் துளையிட்டு வயரைக் கொண்டுபோகும் ஒவ்வொரு இடத்திலும் றப்பர் வளையம் போடுங்கள்.

சுவிட்சில் நேராக 30 அம்பியர் ஓட விடாதீர்கள், ரிலே போடுங்கள். ரிலேயின் 30ஆம் காலுக்குப் பற்றரி, 87க்குக் கொம்பிரசர், 85க்கும் 86க்கும் சுவிட்ச் வழி. சுவிட்சுக்கான மின்சாரத்தை, சாவி திருப்பினால் மட்டும் வரும் வயரிலிருந்து எடுங்கள். மறந்துபோனாலும் பற்றரி இறங்காது. வயரிங் செய்யும் பாஸிடம் கொடுத்தாலும், பக்கத்தில் நின்று இவற்றைக் கேட்டுச் செய்வியுங்கள்.

7. குழாயிலும் புரியிலும் கவனம் வையுங்கள்.
அழுத்தப்பட்ட காற்று சூடானது. கொம்பிரசரின் தலையிலிருந்து வெளிவரும் முதல் குழாயாகச் சாதாரண பிளாஸ்ரிக் போட்டால் இளகிவிடும். உருக்குக் கம்பி பின்னிய குழாயே வேண்டும். பிறகு புரி. நம் கடைகளில் கிடைக்கும் பொருத்திகள் பெரும்பாலும் பி.எஸ்.பி. வகை, அமெரிக்கப் பொருள்கள் என்.பி.ரி. வகையில் வரும். கால் அங்குல அளவில் முதலாவதுக்கு ஓர் அங்குலத்தில் 19 புரி, இரண்டாவதுக்கு 18. ஒன்றில் மற்றதைத் திருகினால் இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். பலமாகத் திருகினால் அலுமினியம் வெடிக்கும். ஏறாவிட்டால் கையை எடுத்துவிட்டு அளந்து பாருங்கள்.

8. பாதுகாப்பு வால்வு இல்லாமல் தாங்கி பூட்டாதீர்கள்.
காற்று ஹோர்னுக்கோ டிபரன்சியல் லொக்குக்கோ தாங்கி வேண்டுமென்றால், அழுத்த சுவிட்ச், பாதுகாப்பு வால்வு, காற்றுத் திரும்பாமல் தடுக்கும் வால்வு மூன்றும் கட்டாயம். நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரம் தாங்கியின் அடியில் நீராகத் தேங்கி உள்ளேயே துருப்பிடிக்க வைக்கும். அடியில் வடிகால் திருகி வைத்து, ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் நீரை வெளியேற்றுங்கள். வெளியே வண்ணம் பளபளக்கும் பழைய தாங்கியை நம்பாதீர்கள்.

9. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போகும்போது தெரிந்துகொண்டு போங்கள்.
அங்கே ஏ.சி. கொம்பிரசரைப் பெல்ற்றில் ஓடவிட்டுக் காற்றடிக்கலாம் என்றும் சொல்வார்கள். செய்யலாம், நிறையக் காற்றும் வரும். ஆனால் பெரும்பாலான ஏ.சி. கொம்பிரசர்களுக்கு வாயுவோடு சேர்ந்து ஓடும் எண்ணெய்தான் மசகு. வெளிக்காற்றில் அது கிடைக்காது. எண்ணெய் ஊட்டவும் பிறகு பிரித்தெடுக்கவும் தனி ஏற்பாடு வேண்டும். முதன்முறை செய்கிறவர்களுக்கு மின் கொம்பிரசரே போதும். பாவித்த கொம்பிரசர் வாங்கினால் கடையிலேயே ஒரு ரயருக்கு அடித்துப் பாருங்கள்.

10. உப்புக் காற்றை மறவாதீர்கள்.
மரைன் டிரைவ் பக்கம் வாகனம் நிறுத்துகிறவர்களுக்கு இது மிக முக்கியம். கடற்காற்று செம்பு முனைகளைப் பச்சையாக்கிவிடும். முனைகளை இறுக நசுக்கிப் பொருத்தி, பசையுள்ள சுருங்கு குழாய் போட்டு மூடுங்கள். பூட்டி முடித்ததும் எல்லாப் பொருத்திகளிலும் சவர்க்கார நீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். பிறகு மாதம் ஒரு முறை, பயணம் இல்லாவிட்டாலும், சில நிமிடம் ஓட விடுங்கள். வடியைத் தட்டித் துடையுங்கள். ஆறு மாதம் தொடாமல் கிடந்த இயந்திரத்தைக் காட்டில் நம்ப முடியாது.

11. தார் ரோட்டில் ஏறுமுன் காற்றடியுங்கள்.
இதை மட்டும் எக்காரணம் கொண்டும் தவறவிடாதீர்கள். 18 பி.எஸ்.ஐ. ரயரோடு புத்தளம் வீதியில் வேகமாக வந்தால், ரயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடாகி வெடிக்கலாம். உள்ளே உங்கள் குடும்பம், எதிரே இன்னொருவரின் குடும்பம். தேசியப் பூங்காக்களில் அனுமதித்த இடங்களைத் தவிர வேறெங்கும் வாகனத்தை விட்டு இறங்கக் கூடாது. எனவே இறக்குவதும் அடிப்பதும் வாசலுக்கு வெளியே நடக்கட்டும். எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, ரயருக்கு நேராகக் குனியாமல் பக்கவாட்டில் நின்று அடியுங்கள். இரண்டு ரயருக்குப் பிறகு கொம்பிரசரை ஆறவிடுங்கள். அந்த இடைவெளியில் பக்கத்தில் நிற்கும் வாகனங்களைப் பாருங்கள். கொம்பிரசர் இல்லாதவர் எவரேனும் இளகிய ரயரோடு வீட்டுக்குப் புறப்படுவதைக் கண்டால் மறித்து, அவருக்கும் அடித்துக் கொடுத்து அனுப்புங்கள்.