கடல்நீர் நிறைந்த கூடம்
(பயணக் கட்டுரை)

நுழையும்முன்

திருவிழா என்றதும் இராட்டினமும் மிட்டாய்க் கடையும் நம் நினைவுக்கு வரும். கொச்சியில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் கலைவிழா சற்று வேறுபட்டது. நாகப்பட்டினத்திலிருந்து வந்த ஆசிரிய இணையர் அவ்விழாவைக் கண்ட விதத்தை இப்பாடம் கூறுகிறது. மனைவியின் கூற்றாக இது அமைந்துள்ளது.

பணி ஓய்வு பெற்றபின் ஆண்டுக்கு ஓர் ஊரேனும் சென்று காண்பது என்று நானும் என் கணவரும் முடிவு செய்திருந்தோம். 2016ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் கொச்சிக்குப் புறப்பட்டோம். நாகப்பட்டினத்தில் ஏறிய காரைக்கால் – எறணாகுளம் விரைவுத் தொடர்வண்டி மறுநாள் எங்களைக் கொண்டு சேர்த்தது. படகில் காயலைக் கடந்து கோட்டைக் கொச்சியில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் மட்டாஞ்சேரிக்குச் சென்றோம்.

“பெரிய விழா என்றாயே! ஓர் இராட்டினம்கூடக் கண்ணில் படவில்லையே” என்றார் என் கணவர்.

அவர் மதுரையில் வளர்ந்தவர். தமுக்கம் திடலில் நடைபெற்ற சித்திரைப் பொருட்காட்சியே அவர் அறிந்த பெருவிழா. அரசுத் துறைகளின் அரங்குகள், மரணக் கிணறு, டெல்லி அப்பளம் ஆகியவை இல்லாத விழாவை அவரால் எண்ணிப் பார்க்க இயலவில்லை.

“இங்கே பண்டகசாலைகளே அரங்குகள். நடந்து பாருங்கள்” என்றேன்.

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் சுக்கு, மிளகு, ஏலம் ஆகியவற்றின் மணம் காற்றில் கலந்திருந்தது. தெருவின் ஒருபுறத்துக் கட்டடங்களின் பின்வாயில்கள் காயலை நோக்கித் திறக்கின்றன. முற்காலத்தில் படகில் வந்த சரக்கு அவ்வாயில்களின் வழியே உள்ளே சென்றது. இருபதாம் நூற்றாண்டில் வில்லிங்டன் தீவில் புதிய துறைமுகம் அமைந்தது. கப்பல் வணிகம் அங்கே நகர்ந்தது. இங்கிருந்த பண்டகசாலைகள் பல ஓய்ந்தன. அவற்றுள் சில, கலைவிழாவின்போது மீண்டும் திறக்கப்படுகின்றன.

இவ்விழாவின் பெயர் ‘கொச்சி – முசிறிஸ் பினாலே’. பினாலே என்பது இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்வதைக் குறிக்கும் இத்தாலியச் சொல். இத்தகைய விழாவை வெனிஸ் நகரம் 1895ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. கேரளத்தைச் சேர்ந்த ஓவியர்களான போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு ஆகிய இருவரின் முயற்சியால், மாநில அரசின் துணையுடன், கொச்சியில் 12.12.2012 அன்று முதல் விழா தொடங்கியது. நாங்கள் கண்டது மூன்றாவது விழா.

முசிறி என்ற பெயரைக் கண்டதும் என் கணவரின் முகம் மலர்ந்தது. யவனர் தம் மரக்கலங்களில் பொன்னைக் கொண்டுவந்து மிளகைப் பெற்றுச் சென்ற துறைமுகம் என அகநானூறு அதனைக் குறிப்பிடுகிறது. 1341ஆம் ஆண்டில் பேரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளத்தால் முசிறி சிதைந்தது என்றும், கொச்சித் துறைமுகம் உருவாயிற்று என்றும் கூறுவர். “நாற்பது ஆண்டுகள் வகுப்பில் சொன்ன ஊரின் பெயரை இன்று நுழைவாயிலில் படிக்கிறேன்” என்றார்.

அங்கிருந்து ஆஸ்பின்வால் மாளிகையை அடைந்தோம். 1867ஆம் ஆண்டில் ஆங்கில வணிகர் ஒருவர் தொடங்கிய வணிக நிறுவனத்தின் இடம் அது. முற்றத்தில் மண்ணும் சாணமும் பூசிய பிரமிடு ஒன்று நின்றது. அதன் இருண்ட வழியில் நடந்தபோது, தாய்நாட்டை விட்டு வெளியேற்றப்பட்ட கவிஞர்களின் பாடல்கள் பல மொழிகளில் ஒலித்தன. அதனை அமைத்தவர் சுலோவீனியக் கவிஞர் அலெஷ் ஷ்டேகர்.

அடுத்த கூடத்தின் வாயிலில் காலணிகளைக் கழற்றினோம். உள்ளே தரையெங்கும் கடல்நீர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் முன்னே இறங்கினார். சுவர்களில் பார்ப்பவரை நோக்கிய சில கேள்விகள் மட்டும் எழுதப்பட்டிருந்தன. மறுமுனைச் சுவரில் இருந்த கவிதையைப் படிக்க வேண்டுமானால் நீரில் நடந்தே ஆகவேண்டும்.

‘வேதனைக் கடல்’ எனப் பொருள்படும் அப்படைப்பைச் சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சூரித்தா உருவாக்கியிருந்தார். 1973ஆம் ஆண்டில் தம் நாட்டில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது கப்பலில் சிறை வைக்கப்பட்டவர் அவர். 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் சிரியாவைச் சேர்ந்த ஏதிலிக் குடும்பம் ஒன்று சென்ற படகு துருக்கிக் கடலில் கவிழ்ந்தது. கரையில் ஒதுங்கிய ஆலன் குர்தி என்னும் குழந்தையின் நிழற்படத்தைக் கண்டு உலகமே கலங்கியது. உடன் மூழ்கிய அவன் அண்ணன் காலிப்பை எவரும் அவ்வாறு அறியவில்லை. கவிஞர் தம் படைப்பை அந்தக் காலிப்புக்கு உரியதாக்கினார்.

“விழாவில் துயரத்திற்கு என்ன வேலை?” என்று முன்னொரு முறை கேட்டவர் என் கணவர். இப்போது சுவரின் அருகே நெடுநேரம் நின்றார். வெளியே வந்து காயற்கரையில் அமர்ந்த பின்னரே பேசினார்.

“2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 நினைவிருக்கிறதா? ஆழிப்பேரலைக்குப் பின் பள்ளி திறந்த நாளில் வருகைப் பதிவேட்டை வாசித்தேன். பதினொரு பெயர்களுக்கு மறுமொழி வரவில்லை. நிழற்படமும் வீட்டோடு போய்விட்டது என்று ஒரு தாய் என்னிடம் சொன்னாள். எனக்கு அந்தப் பிள்ளையின் முகம் நினைவிருக்கிறது. எனக்குப் பிறகு?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. நனைந்திருந்த வேட்டி விளிம்பை அவர் பிழிந்துவிட்டுக்கொண்டார்.

ஊர் திரும்பும் தொடர்வண்டியில் என் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினார். கணக்கு எழுதுகிறார் என்று எண்ணி எட்டிப் பார்த்தேன். பதினொரு பெயர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் கீழும் சில வரிகளுக்கு இடம் விட்டிருந்தார்.

சொற்பொருள்

இணையர் – கணவனும் மனைவியும்
காயல் – கடலை ஒட்டிய நீர்ப்பரப்பு
பண்டகசாலை – சரக்குகளைச் சேமிக்கும் இடம்
மரக்கலம் – கப்பல்
ஏதிலி – அகதி
ஆழிப்பேரலை – சுனாமி

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகள் ஓய்ந்தமைக்குக் காரணம் யாது?
2. ‘வேதனைக் கடல்’ யாருக்கு உரியதாக்கப்பட்டது?
3. சித்திரைப் பொருட்காட்சிக்கும் கொச்சிக் கலைவிழாவுக்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டனை எழுதுக.

ஆ. சிந்தித்து விடை தருக.
1. கவிதையைப் படிக்க நீரில் நடக்கவேண்டும் எனக் கவிஞர் அமைத்தது ஏன்?
2. குறிப்பேட்டில் விடப்பட்ட இடத்தில் ஆசிரியர் என்ன எழுதுவார் எனக் கருதுகிறீர்கள்?

இ. பிரித்து எழுதுக.
பேரலை, கடைத்தெரு, பெருவிழா

ஈ. அயற்கூற்றாக மாற்றுக.
“விழாவில் துயரத்திற்கு என்ன வேலை?” என்று கணவர் கேட்டார்.

உ. செயல்பாடு
சுக்கு, ஏலம், மஞ்சள் போன்று தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான சொற்கள் பத்தினைக் கடைத்தெருவில் கேட்டுத் தொகுத்து வருக.