வால்வை மூடுவதற்கு முன்

என் மகள் போன்றவளுக்கு,

தாராவிப் பக்கம் மெயின் லைன் பழுதுபார்க்கும் திட்டத்தை முதன்முறையாக உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்று உன் அப்பா சொன்னார். சந்தோஷம். 24 மணி நேர ஷட்டவுன் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறாயாம். அந்தக் கணக்கைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

24 மணி என்பது வெல்டருக்கான நேரம். நம் மும்பையில் தண்ணீர் முறை வைத்து வருகிறது. வெள்ளி காலை எட்டுக்கு மூடி, சனி காலை எட்டுக்குத் திறக்கிறாய் என்று வை. கடைசிச் சந்துக்கு முறை அதிகாலை என்றால் சனிக்கிழமை முறை போயிற்று. 2,400 மி.மீ. குழாய் ஒரு கிலோமீட்டருக்கு 45 லட்சம் லிட்டர் குடிக்கும். அது நிறைந்து, காற்று வெளியேறி, அழுத்தம் ஏறுவதற்குள் ஞாயிறு முறையும் அரைகுறையாகத்தான் கிடைக்கும். ஆக, வெள்ளிக்கிழமை விடியலில் பிடித்து வைத்த டிரம்மை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் திங்கள் வரை தள்ள வேண்டும். திட்டத்தை அந்த டிரம்மிலிருந்து எழுதத் தொடங்கு அம்மா. வால்வைத் திறந்து மூடும் சாவிவாலாவிடம் போய்க் கேள். எந்தச் சந்துக்கு எப்போது தண்ணீர் ஏறும், எங்கே ஏறாது என்று வரைபடத்தை விட அவருக்குத் தெரியும்.

என் அனுபவம் ஒன்று. செம்பூர்ப் பக்கம் ஒரு மெயினுக்குள் இறங்கினோம். எக்ஸாஸ்ட் ஃபேன் இரைச்சல், துருவும் ஈரமும் கலந்த வாடை. ஒட்டுப் போட வேண்டிய இடம் கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் காலடியில் நாலு விரல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மேல்பக்கத்து வால்வு முழுக்க உட்காரவில்லை. வெல்டர் மின்கம்பியைத் தோளில் போட்டபடி ஆறு மணி நேரம் காத்திருந்தார். முந்தின வாரமே அந்த வால்வை ஒருதரம் மூடித் திறந்து பார்த்திருக்க வேண்டியவன் நான். பார்க்கவில்லை. ஷட்டவுன் நீண்டதற்கு ஒட்டு காரணமில்லை, மூடாத வால்வுதான். தண்ணீரை வடிக்கும் நேரத்தையும் பார்த்து வை. மாஹிம் கழிமுகத்தில் கடல் ஏற்றமாக இருந்தால் வடிகால் நாலா தண்ணீரை வாங்காது, குழாயும் காலியாகாது.

திறக்கும்போது அவசரம் கூடவே கூடாது. காற்று அடைபட்டுத் தண்ணீர் மோதினால் இன்னொரு ஜாயிண்ட் போகும். அதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. மெயின் காலியாக இருக்கும்போது சாக்கடையோரம் கிடக்கும் வீட்டு இணைப்புக் குழாய்கள் அழுக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். முதலில் வரும் நீரைக் கொட்டிவிட்டுக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லி மராத்தியிலும் இந்தியிலும் மட்டும் அறிவித்தால் போதாது. தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டில் தமிழிலும் சொல்ல வேண்டும்.

2023 நினைவிருக்கிறதா? தாணேயில் போர்வெல் தோண்டியதில் சேதமான நீர்ச்சுரங்கத்தைச் சரிசெய்ய மார்ச் 31 முதல் 30 நாள், 15 சதவீதம் வெட்டு என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். கஷ்டம்தான், ஆனாலும் ஜனங்கள் தயாராக இருந்தார்கள். அதே ஆண்டு நவம்பர் கடைசியில் அந்தேரி சீப்ஸ் அருகே மெட்ரோ வேலையில் 1,800 மி.மீ. குழாய் உடைந்தபோது யாருக்கும் ஒரு குடம் பிடிக்கக்கூட அவகாசம் இல்லை. நாள் பார்த்துப் பழுதுபார்ப்பதன் அருமை அன்று எல்லோருக்கும் புரிந்தது. அமர் மஹாலிலிருந்து வடாலா வழியாகப் பரேலுக்கு நூறு மீட்டர் ஆழத்தில் தண்ணீர்ச் சுரங்கம் குடைந்திருப்பது நல்ல காரியம். ஆனால் தான்சா ஏரி 1892-லிருந்து இந்த ஊருக்குத் தண்ணீர் தருகிறது. அந்தத் தண்ணீரைக் கொண்டுவர, தரைக்கு மேலே கிடக்கும் பழைய குழாய்களை நம்பித்தான் இன்னும் ரொம்ப நாள் ஓட வேண்டும். அவற்றை ஒட்டி வீடு கட்டியவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். கிரேன் எந்தச் சந்தில் நுழையும் என்று அவர்களிடமே கேள். குழாய் கசியும் சத்தத்தை ராத்திரியில் முதலில் கேட்பவர்கள் அவர்கள்தான்.

ரோட்டுக்குத் தார் போடும்போது வால்வுக் குழி மூடிகளையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஏழெட்டுக் குழிகள் அப்படிப் புதைந்து கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வரைபடத்தை எடுத்துக்கொண்டு மாட்டுங்கா வீட்டுக்கு வா. இடத்தைக் குறித்துத் தருகிறேன். ஷட்டவுனுக்கு முன்பே தோண்டச் சொல்லிவிடு.

அன்புடன்,
மாட்டுங்கா மாமா