எதிர்ப்பு எங்கே தொடங்கியது?

சேலையூர்

அன்புள்ள கயல்,

பேச்சுப் போட்டியில் கருக்கலைப்புத்தான் தலைப்பு என்று எழுதியிருந்தாய். "இந்த எதிர்ப்பைக் கிளப்பியதே சர்ச்தானே சித்தி?" என்றும் கேட்டிருந்தாய். சர்ச் அதைப் பாவம் என்று சொன்னது ரொம்பப் பழைய கதை. ஆனால் அமெரிக்காவில் அதை ஓர் இயக்கமாக்கிச் சட்டம் கேட்டவர்கள் டாக்டர்கள்.

அதுவரை அங்கே பழைய ஆங்கிலேய வழக்கம். வயிற்றுப் பிள்ளை அசையத் தொடங்கும்வரை, அதாவது நாலைந்து மாதம்வரை, கலைப்பதைப் பெரும்பாலும் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. அசைந்ததா இல்லையா என்று சொல்ல வேண்டியவளும் சுமப்பவள்தானே! 1857-இல் பாஸ்டன் மருத்துவர் ஹொரேஷியோ ஸ்டோரர், கரு உண்டான நாளிலிருந்தே அது உயிர்தான், அசைவெல்லாம் ஒரு கணக்கே இல்லை என்று கிளம்பினார். 1859-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அவர் பக்கம் தீர்மானம் போட்டது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் தடை வந்துவிட்டது. அவர்களுடைய உயிர் அக்கறை வெறும் வேஷம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மருத்துவச்சிகளை ஓரங்கட்டும் தொழில் போட்டியும் கூடவே இருந்தது. குடியேறிய கத்தோலிக்கர் வீடுகளில் பிள்ளைகள் பெருக, புராட்டஸ்டன்ட் குடும்பங்களில் குறைகிறதே என்ற பயமும் சேர்ந்துகொண்டது. சர்ச்சிலோ, போப் ஒன்பதாம் பயஸ், ஆரம்ப மாதங்களுக்கு ஒரு தண்டனை, பிந்திய மாதங்களுக்கு ஒன்று என்ற வேறுபாட்டை நீக்கியது 1869-இல்தான்.

நம் நாட்டுக்கு இந்த எதிர்ப்பு ஊர்வலமாக வரவில்லை, சட்டப் புத்தகமாக வந்தது. 1860-இன் தண்டனைச் சட்டம், 312-ஆவது பிரிவு: கருவைக் கலைத்தால் 3 ஆண்டு வரை சிறை, பிள்ளை அசையத் தொடங்கியபின் என்றால் 7 ஆண்டு வரை. தாயின் உயிரைக் காக்கச் செய்தால் மட்டும் விலக்கு. தானே கலைத்துக்கொண்டவளும் குற்றவாளி. வேடிக்கை என்னவென்றால், பிரிட்டன் தன் சொந்தச் சட்டத்திலிருந்து அந்த அசைவுக் கணக்கை 1837-இலேயே எடுத்துவிட்டிருந்தது.

கள்ளத்தனமாகக் கலைக்கப்போய்ப் பெண்கள் செத்தார்கள். 1964-இல் இதை ஆராயச் சாந்திலால் ஷா குழு அமைந்தது. 1971-இல் கருக்கலைப்புக்கான தனிச் சட்டம் வந்து, 1972 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. அது 312-ஐ ஒழிக்கவில்லை. சில நிபந்தனைகளோடு டாக்டருக்கு விலக்குக் கொடுத்தது, அவ்வளவுதான். 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம்வரை ஒரு டாக்டரின் கருத்து போதும்; சில வகைப் பெண்களுக்கு 24 வாரம்வரை, இரண்டு டாக்டர்கள். 18 வயது நிறைந்தவளுக்கு அவள் சம்மதம் போதும், கணவன் கையெழுத்தைச் சட்டம் கேட்பதில்லை. இதை உன் பேச்சில் கட்டாயம் சொல்.

விடுமுறைக்கு இங்கே வரும்போது தாம்பரத்தில் ஏதாவது ஒரு ஸ்கேன் சென்டரில் ஏறிப் பார். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்ற பலகை மாட்டியிருக்கும். அது 1994-இன் வேறொரு சட்டம். பெண் சிசுவைக் காக்க வந்தது. அதைப் படித்துவிட்டு, "அபார்ஷனே கூடாதாமே" என்று பக்கத்து நாற்காலியில் ஒருத்தி கிசுகிசுத்ததை நான் கேட்டிருக்கிறேன். இரண்டையும் நீயும் குழப்பிவிடாதே.

இன்னொன்று. மேடையில் 312 இன்றைக்கும் இருக்கிறது என்று சொல்லிவிடாதே, நடுவர் பிடித்துக்கொள்வார். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 88-ஆவது பிரிவு. எண்தான் மாறியது, 3 ஆண்டு, 7 ஆண்டு, அசைவுக் கணக்கு எல்லாம் அப்படியே இருக்கின்றன.

அன்புடன்,
சித்தி