‘போகவில்லை’க்குள் இருக்கும் ஆங்கில இலக்கணம்

“வாசிச்சா விளங்குது சேர், எழுத வெளிக்கிட்டா ஒண்டும் வருகுதில்லை.” சாதாரண தரத்தில் ஆங்கிலம் சித்தியடைந்த பிள்ளையும் சொல்லும், கச்சேரியில் வேலை பார்ப்பவரும் சொல்வார். இப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் அடுத்ததாகச் செய்வது இன்னொரு இலக்கணப் புத்தகம் வாங்குவது, இல்லாவிட்டால் இன்னொரு ரியூற்றரியில் சேருவது. இரண்டும் வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த சொற்களே ஒரு கடிதம் எழுதப் போதும். அவற்றை வெளியே எடுக்கும் பழக்கம்தான் இல்லை.

அதற்கு நான் சொல்லும் பயிற்சி பழையது. நல்ல ஆங்கிலத்தில் எழுதிய ஐந்தாறு வசனங்களை எடுங்கள். அவற்றை நீங்களே தமிழாக்கிக் கொப்பியில் எழுதுங்கள். இரண்டு நாள் விட்டு, மூலத்தைப் பார்க்காமல், உங்கள் தமிழிலிருந்து திரும்ப ஆங்கிலத்தில் எழுதுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சிவப்புப் பேனையால் வித்தியாசங்களைக் குறியுங்கள். இங்கிலாந்தில் ரோஜர் அஸ்கம் லத்தீன் படிப்பிக்க இதே வழியைச் சொன்னார். அவருடைய நூல் 1570 இல் வெளிவந்தது. இரண்டு மொழியையும் பக்கத்தில் வைத்துப் படிப்பது நமக்கும் புதிதல்ல. 1841 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ‘உதயதாரகை’ தமிழிலும் ஆங்கிலத்திலும் வந்த பத்திரிகை. வட்டுக்கோட்டை செமினரியில் ஆங்கிலம் கற்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளைதான் பின்னாளில் கலித்தொகையை அச்சில் ஏற்றினார். ஆங்கிலம் வரவேண்டுமென்றால் தமிழை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா என்று பிள்ளைகளுக்குச் சொல்பவர்கள் இதை யோசிக்கவேண்டும்.

சிவப்புப் பேனை எங்கே அதிகம் ஓடும் என்று சொல்கிறேன். ‘அவன் நேற்றுப் பள்ளிக்கூடம் போகவில்லை’ என்பதைத் திருப்பி எழுதும்போது பலருக்கு ‘டிட் நொற் வென்ற்’ என்று வரும். நேற்று நடந்தது, ஆகவே ‘வென்ற்’ என்று மனம் கணக்குப் போடுகிறது. ஆனால் தமிழில் என்ன சொன்னீர்கள்? ‘போக’, ‘இல்லை’. ‘போனவில்லை’ என்று எவரும் சொல்வதில்லை. ‘போக’ காலம் காட்டாமல் நிற்பது போலவே ஆங்கிலத்திலும் ‘கோ’ மாறாமல் நிற்கவேண்டும். இறந்த காலத்தை ‘டிட்’ சுமந்துகொள்ளும். வகுப்பில் இதைச் சொன்னதும், பத்து வருடமாக அந்தப் பிழையை விட்டுவந்தவர்கள்கூட ‘போனவில்லை’ என்று ஒருதரம் சொல்லிப் பார்த்துவிட்டுத் திருத்திக்கொள்வதைக் கண்டிருக்கிறேன்.

‘சின்ஸ்’, ‘ஃபோ’ குழப்பமும் அப்படித்தான். ‘காலையிலிருந்து நிற்கிறேன்’ என்பதில் ‘இருந்து’ வருகிறது, அங்கே ‘சின்ஸ்’. ‘மூன்று மணித்தியாலமாக நிற்கிறேன்’ என்பதில் ‘ஆக’ வருகிறது, அங்கே ‘ஃபோ’. தமிழ் விகுதியைப் பாருங்கள், ஆங்கிலச் சொல் தானாக வரும். வினைச்சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். தமிழில் ‘நிற்கிறேன்’ என்ற நிகழ்காலம் போதும். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ‘ஐ ஹாவ் பீன்’ என்று தொடங்கவேண்டும். இங்கே தமிழ் உதவாது, எழுதி எழுதித்தான் கை பழகும்.

சொற்களைத் தனித்தனியாகப் பாடமாக்குவதை நிறுத்துங்கள். நம் வீட்டில் புட்டு அவிக்கிறோம், தோசை சுடுகிறோம், தேத்தண்ணி போடுகிறோம். தோசையை யாராவது அவித்தால் சிரிப்போம். ஆங்கிலச் சொற்களுக்கும் இப்படிச் சோடி உண்டு. ‘மிஸ்ரேக்’கை ‘மேக்’ பண்ணவேண்டும், ‘ஹோம்வேர்க்’கை ‘டூ’ பண்ணவேண்டும், ‘ஃபோட்டோ’வை ‘ரேக்’ பண்ணவேண்டும். பலத்த மழை, பலத்த காற்று என்று தமிழில் ஒரே அடைமொழி இரண்டுக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் மழைக்கு ‘ஹெவி’, காற்றுக்கு ‘ஸ்ரோங்’. கொப்பியில் எழுதும்போது சோடியாகவே எழுதுங்கள். நாளைக்கு ஐந்து சோடி தாராளம். மறுநாள் ஒருதரம், மூன்றாம் நாள் ஒருதரம், அடுத்த கிழமை ஒருதரம் அவற்றை மூடிவைத்துச் சொல்லிப் பாருங்கள். ஒரே இரவில் ஐம்பது சொல் விழுங்குவது பரீட்சைக்கு முதல்நாள் பயத்தைத்தான் கூட்டும்.

திருப்பி எழுதும் பயிற்சிக்கு என்ன எடுக்கலாம் என்று கேட்பீர்கள். கதைப்புத்தகத்தில் தொடங்கவேண்டாம். இலங்கையின் வளிமண்டலவியல் திணைக்களம் தன் வானிலை அறிக்கையைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் வெளியிடுகிறது. வசனங்கள் குறுகியவை, ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வரும், மழையும் காற்றும் நமக்குத் தெரிந்த சங்கதி. அதிலுள்ள தமிழைப் பார்த்தெழுதாமல் உங்கள் சொந்தத் தமிழை எழுதுங்கள். அவர்களுடைய தமிழ் பிறகு ஒப்பிட உதவும்.

பிழை வந்தால் அடித்துவிட்டு மறக்காதீர்கள். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பிழையான வசனத்தையும் சரியானதையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வையுங்கள். இரண்டு மாதத்தில் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் ஏழெட்டு வகைப் பிழைகள்தான் மாறி மாறி வந்திருப்பது தெரியும். உங்களுக்கு வேண்டிய இலக்கணப் புத்தகம் அந்தப் பக்கம்தான்.

இன்றிரவே வானிலை அறிக்கையில் நான்கு வரியைத் தமிழாக்கிக் கொப்பியை மூடி வையுங்கள். நாளை மறுநாள் திறந்து, அந்தத் தமிழை ஆங்கிலமாக்குங்கள்.